ரோமத்தை ஒதுக்கிப் பாருங்கள்

"நாயை யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கோம். நல்ல வீடா இருந்தா சொல்லுங்களேன்." இப்படி ஒரு அழைப்பு எனக்கு அடிக்கடி வரும். தாம்பரத்தைத் தாண்டி நாங்கள் இருக்கும் பகுதியில் நாயோ பூனையோ இல்லாத வீடு குறைவு. எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாயும் இரண்டு பூனைகளும் பல வருடங்களாக இருப்பதால், அவற்றைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்று அக்கம்பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கூப்பிடுகிறவர்கள் சொல்லும் காரணங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். திடீரென்று கடிக்க வருகிறது, ராத்திரி தூங்கவே விடுவதில்லை, சோபாவைக் கிழிக்கிறது, பூனை கட்டில் மேலேயே மூத்திரம் போகிறது.

அடுத்த தெருவில் ஒரு குடும்பம் லேப்ரடார் வளர்க்கிறது. அந்த வீட்டுப் பெண் ஒருநாள் வந்து கண் கலங்க நின்றாள். "அக்கா, அது முன்ன மாதிரி இல்லக்கா. தொட்டாலே உறுமுது. நேத்து பாப்பா கட்டிப் புடிச்சா, சட்டுனு திரும்பிப் பல்லைக் காட்டிடுச்சு. அவரு இனிமே வீட்ல வெச்சுக்க வேணாம்னு சொல்றாரு."

"எங்க தொட்டா உறுமுதும்மா?"

கொஞ்சம் யோசித்தாள். "முதுகுலதான். பின்பக்கம், வாலுக்கு மேல."

அந்த ஒரு பதிலிலேயே பாதி விஷயம் இருந்தது. போய்ப் பார்த்தோம். வாலுக்குச் சற்று மேலே ரோமத்தை எதிர்ப்பக்கமாக ஒதுக்கினால் தோல் சிவந்து, தடித்து, சில இடங்களில் நாயே கடித்துப் புண்ணாக்கியிருந்தது. ரோமத்தின் அடியில் கருப்புத் துகள்கள். ஒரு வெள்ளைத் தாளை ஈரமாக்கி அந்தத் துகள்களை அதில் தட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் சிவப்பாகக் கசிந்தது. அது மண்ணாக இருந்தால் அப்படிக் கசியாது. தெள்ளுப்பூச்சி நாயின் ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போட்ட கழிவு அது, செரித்த ரத்தம். வாரக்கணக்கில் அரித்து அரித்துப் புண்ணான இடத்தில் குழந்தை கையை வைத்து இறுக்கியிருக்கிறது. அந்த நாய் கடிக்கவில்லை. உறுமிப் பல்லைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டது. அதன் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

நாய் பூனைகளின் தோல் கோளாறு, பூச்சித் தொல்லை, குணக்கோளாறு என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோம். மூன்றுக்கும் மூன்று பேரைத் தேடிப் போகிறோம்: சொறிக்கு மருந்துக் கடை, உண்ணிக்கு ஆன்லைனில் வாங்கிய பவுடர், கோபத்துக்குப் பயிற்சியாளர். வீட்டுக்குள் பார்த்தால் இவை பெரும்பாலும் ஒரே கதையின் மூன்று பக்கங்கள். அரிப்பு இருக்கும் பிராணி தூங்காது, சிடுசிடுக்கும், சொன்னதைக் கேட்காது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒவ்வாமையால் நாட்பட்ட அரிப்புள்ள நாய்களையும் அரிப்பே இல்லாத நாய்களையும் ஒப்பிட்டது. அரிப்பு கூடக்கூட, கண்டதைக் கடித்துக் குதறுவது, நிலைகொள்ளாமல் அலைவது, சாப்பாட்டைத் திருடுவது, மலத்தைத் தின்பது, பழக்கினால் பழகாமல் போவது எல்லாமே கூடியிருந்தன. நாம் 'சேட்டை' என்று பெயர் வைத்திருக்கும் பட்டியல் அப்படியே அதில் இருக்கிறது.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: குணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், ரோமத்தை ஒதுக்கிப் பாருங்கள். காதுக்குள், காலர் அடியில், அக்குளில், தொடை இடுக்கில், விரல் இடுக்கில், வாலுக்கு மேலும் கீழும்.

தெள்ளுப்பூச்சி விஷயத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாய்க்கு மருந்து போடுகிறார்கள், ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள், ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, திரும்ப வந்துவிடுகிறது. உடனே "மருந்து போலி" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நாயின் உடம்பில் நம் கண்ணுக்குத் தெரியும் பூச்சிகள் வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மிச்சம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக நாய் படுக்கும் சாக்கிலும், பாய்க்கு அடியிலும், சோபா இடுக்கிலும், தரைவிரிப்பிலும் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டைகள் ஒட்டாதவை, நாய் நடக்க நடக்க உதிர்ந்துகொண்டே போகும். அதில் வரும் புழு வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து ஒளிந்து, மேலிருந்து உதிரும் அந்த ரத்தக் கழிவையே தின்று வளர்கிறது. பிறகு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் மருந்து எதுவும் சுலபத்தில் போகாது, மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். யாராவது பக்கத்தில் நடக்கும் அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக் காற்று ஆகியவைதான் அதற்கு அழைப்பு. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனதும் கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடிப்பது இதனால்தான்.

ஆக, மருத்துவம் நாய்க்கு மட்டும் செய்து பயனில்லை. வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே சமயத்தில், குறைந்தது மூன்று மாதமாவது, மருத்துவர் எழுதிக் கொடுத்ததை விடாமல் கொடுக்க வேண்டும். "பூனை சொறியறதே இல்லையே, அதுக்கு எதுக்கு?" என்று விட்டுவிட்டால் பூனை மேல் பூச்சி குடித்தனம் நடத்தும். படுக்கைத் துணிகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். சோபா இடுக்கை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். அது இல்லாத வீட்டில் நன்றாகக் கூட்டி, குப்பையை உடனே வெளியே அப்புறப்படுத்துங்கள். சாக்கு, பழைய மெத்தை மாதிரியான பொருளுக்கெல்லாம் பாசம் பார்க்காமல் விடைகொடுத்துவிடலாம்.

இன்னொன்று. மலத்துவாரத்தைச் சுற்றியோ படுக்கையிலோ அரிசி மாதிரி வெள்ளையாக நெளிவதைப் பார்த்தால், அது நாடாப்புழுவின் துண்டு. நாய் உடம்பைக் கடித்துக்கொள்ளும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்குகிறது, பூச்சிக்குள் இருந்த புழுக்குஞ்சு குடலில் வளர்கிறது. புழு மாத்திரை மட்டும் கொடுத்துப் பூச்சியை விட்டுவைத்தால் அடுத்த மாதம் மறுபடி அரிசி.

உண்ணிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், நம் ஊர் நாய்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை.

பழுப்பு நிற நாய் உண்ணிக்கு வீடு மிகவும் பிடிக்கும். காட்டில், புல்லில் மட்டும் இருக்கும் மற்ற உண்ணிகளைப் போல இல்லாமல், சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் காலண்டருக்குப் பின்னாலும் குடியேறி, ஒரு தலைமுறை முழுவதையும் நம் கூரைக்குக் கீழேயே முடித்துவிடும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, ஊர்ந்து போய், ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில், 4,000 வரைகூட, முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சுக்கு ஆறு கால், ரத்தம் குடித்து ஒரு சட்டை உரித்ததும் எட்டுக் கால். ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை நாய் மேல் ஏறிக் குடித்துவிட்டு மறுபடி சுவருக்குப் போய்விடும். அது மேல்நோக்கி ஏறும் பழக்கமுள்ளது என்பதால் தரையை மட்டும் துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் நாய் படுக்கும் வராந்தாவின் வெடிப்புகளையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்தது, எந்த ஸ்பிரேயைவிடவும் அதிக பலன் தந்தது.

உண்ணியால் வரும் காய்ச்சலுக்கும் நம் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பபேசியா கிப்சோனி என்று ஒரு நுண்ணுயிர்; நாயின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். உலகத்திலேயே அதை முதன்முதலில் கண்டு எழுதிவைத்தது 1910இல், பேட்டன் என்ற பிரிட்டிஷ்காரர். எந்த நாய்களின் ரத்தத்தில் தெரியுமா? 'மெட்ராஸ் ஹன்ட்' என்ற அந்தக்கால வெள்ளைக்காரர்களின் வேட்டைக் குழு வளர்த்த நாய்களின் ரத்தத்தில். பிறகு நரியின் ரத்தத்திலும் அதையே கண்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கிருமி இன்னும் நம் தெருக்களிலேயே இருக்கிறது. இதற்குத் துணையாக எர்லிக்கியா என்று இன்னொன்று. அது வெள்ளையணுக்களுக்குள் குடியேறி, பிளேட்லெட்டுகளைக் குறைத்துவிடும்.

இரண்டின் அடையாளங்களையும் நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. நாய் சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுப் போகிறது, படுத்த இடத்தை விட்டு எழவில்லை, உடம்பு சுடுகிறது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறியோ மஞ்சளாகவோ இருக்கிறதா? வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் போவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், நாளை என்று வைக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை செய்து எந்தக் கிருமி என்று தெரிந்துகொண்டுதான் மருந்து தொடங்குவார்கள். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். நான்காம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிடும், உடனே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கிருமி உள்ளே பதுங்கிக்கொள்ளும். சில மாதம், சில சமயம் சில வருடம் கழித்துத் திரும்ப வரும்போது எலும்பு மஜ்ஜையே வற்றிப்போன நிலையில் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தயவுசெய்து முழுசாகக் கொடுங்கள்.

ஒட்டியிருக்கும் உண்ணியைத் தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் விடுவதும் வேண்டாம். அது மிரண்டு, குடித்ததை உள்ளேயே உமிழ வாய்ப்பு உண்டு. தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கடந்த பத்து, பன்னிரண்டு வருடங்களில் வந்திருக்கும் மெல்லும் மாத்திரைகள், மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று கொடுப்பவை, உண்ணி, தெள்ளு இரண்டையும் அடக்குகின்றன. விலைதான் பலருக்குத் தடை. வலிப்பு வரும் நாய்களுக்கு அவற்றைக் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அறிவித்திருக்கிறது. அதனால் கடைக்காரரைக் கேட்டு வாங்காமல் உங்கள் நாயின் கதை தெரிந்த மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

சொறியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ரோமமெல்லாம் கொட்டி, யானைத் தோல் மாதிரி தடித்துப்போன தெருநாயின் மேல் வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலைப் பூசி விடுவது இன்னும் நடக்கிறது. பூசுகிறவர் நல்ல மனதோடுதான் செய்கிறார். யாரோ பெரியவர் சொல்லிக் கொடுத்தது. ஆனால் ஏற்கெனவே வெந்த தோலில் அந்த எண்ணெய் மேலும் எரியும், நாய் அதை நக்கும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். மண்ணெண்ணெயும் அப்படியே. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பூசினாலும் நாய் நக்கத்தான் போகிறது, கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

சொறி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது இரண்டு வேறு வேறு பூச்சிகளின் வேலை. ஒன்று தோலைத் துளைத்துச் சுரங்கம் தோண்டும். உயிர் போகிற அரிப்பு; காது விளிம்பு, முழங்கை, கணுக்கால் என்று தொடங்கிப் பரவும். மற்ற நாய்களுக்கு ஒட்டும், நமக்கும் ஒட்டி வயிற்றிலும் கையிலும் சிவப்புத் தடிப்புகள் வரும். நாய் குணமானதும் நம்முடையது தானாக அடங்கிவிடும். இன்னொன்று ரோமக்கால்களுக்குள் எல்லா நாய்க்கும் இயல்பாகவே கொஞ்சம் இருப்பது. பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது மட்டும் பெருகி, கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் வட்ட வட்டமாக ரோமம் கொட்டும். இது யாருக்கும் ஒட்டாது. குட்டிகளில் ஒன்றிரண்டு திட்டோடு நின்றால் பல சமயம் தானே ஆறிவிடும். மருத்துவர் தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை அளவு தெரியாமல் போட்டு நாய்களை இழந்த வீடுகள் உண்டு. கோலி மாதிரியான சில இனங்களுக்கு மரபணுவிலேயே அந்த மருந்தைத் தாங்கும் சக்தி கிடையாது.

வீட்டு நாய்களின் தோலைக் கெடுப்பதில் நம் சுத்தத்துக்கும் பங்கு இருக்கிறது. மனிதத் தோல் அமிலத் தன்மை கொண்டது, நாயின் தோல் அப்படியில்லை. நம் சோப்பும் ஷாம்பூவும் அதற்குப் பொருந்தாது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அடர்ந்த ரோமமுள்ள ஹஸ்கியையோ கோல்டன் ரிட்ரீவரையோ குளிப்பாட்டிச் சரியாகத் துவட்டாமல் விட்டால், அடி ரோமம் நாள் முழுக்க ஈரமாகவே இருந்து பூஞ்சையும் புண்ணும் வரும். காதில் புளித்த வாடை, விரல் இடுக்கை ஓயாமல் நக்குவது இரண்டும் அதன் முன்னறிவிப்பு. இந்த இனங்களை நம் வெயிலுக்குக் கொண்டுவருவதே அவற்றுக்குச் செய்யும் கொடுமை என்று நான் நினைக்கிறேன். ஏற்கெனவே வந்துவிட்டவற்றையாவது காயவைத்துப் பார்த்துக்கொள்வோம்.

பூனைகளில் இப்போது படர்தாமரை நிறையப் பார்க்கிறேன், குறிப்பாக விலைக்கு வாங்கும் பெர்ஷியன் குட்டிகளில். ஒரே கூண்டில் பத்துக் குட்டிகளை அடைத்து வளர்த்து விற்கிறார்கள்; ஒன்றுக்கு இருந்தால் போதும். முகத்திலும் காதிலும் ரோமம் உதிர்ந்து சாம்பல் நிறச் செதில். சில பூனைகளிடம் எந்த அடையாளமும் இருக்காது, ஆனால் வீட்டுக் குழந்தையின் கழுத்தில் வட்டமாகத் தடித்துவிடும். உடனே பூனைதான் குற்றவாளி, வெளியே விடு என்று தொடங்கும். இது குணமாகும் நோய். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். உள்ளுக்கு மருந்து, மேலுக்குக் கந்தகக் குளியல், கொட்டிய ரோமத்தை அன்றாடம் அப்புறப்படுத்துவது என்று வாரக்கணக்கில் போகும், ஏனென்றால் அந்தப் பூஞ்சையின் வித்து ரோமத்தோடு விழுந்து ஒன்றரை ஆண்டு வரைகூட உயிரோடு இருக்கும். மருந்துக் கடையில் அரிப்புக்கு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்களே, ஸ்டீராய்டும் சேர்ந்த மூன்று மருந்துக் கலவைக் களிம்பு, அதைக் குழந்தைக்கும் பூசாதீர்கள், பூனைக்கும் பூசாதீர்கள். சிவப்பு அடங்கும், பூஞ்சை அடியில் பரவும்.

பூனை விஷயத்தில் கத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பூனை சின்ன நாய் கிடையாது. சில பொருட்களை உடைத்து வெளியேற்றும் வேலையை அதன் ஈரல் சரியாகச் செய்யாது. நாயின் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. அதைப் 'பாதி அளவு' பூனைக்கு விட்டால் உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, சில மணி நேரத்தில் போய்விடலாம். நாய்க்கு உண்ணிக் குளியலாகப் போடும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. காய்ச்சல் என்று நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்கும். நாம் யோசிக்கவே யோசிக்காத இன்னொன்று, தரை துடைக்கும் பினாயில். கருப்புப் பினாயிலில் உள்ள ஃபீனால் பூனைக்கு விஷம். ஈரத் தரையில் நடந்த பாதத்தை உட்கார்ந்து நிதானமாக நக்குவது பூனையின் சுபாவம். எங்கள் வீட்டில் சோப்புத் தண்ணீர்தான்.

அதே பூனை வயிற்றிலும் தொடையிலும் ரோமத்தை நக்கி நக்கி வழுக்கையாக்கிவிட்டால், "மனசு சரியில்லை, தனிமை" என்று நாமே ஒரு மனநலக் கதை கட்டுவோம். 2006இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். மனக்கோளாறால் ரோமத்தை நக்குகின்றன என்று முடிவுகட்டப்பட்ட 21 பூனைகளைத் தோல் மருத்துவர்கள் முறையாகச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உணவு ஒவ்வாமை, பூச்சி என்று உடம்பில்தான் காரணம் இருந்தது. மனம் மட்டுமே காரணமாக இருந்தவை இரண்டே இரண்டு.

கட்டில் மேல் மூத்திரம் போகும் பூனைக்கும் இதே விசாரணைதான். சிறுநீர்ப்பை வீங்கி எரிச்சல் இருந்தால், மண் தட்டில் உட்காரும்போதெல்லாம் வலிக்கும்; தட்டுதான் வலிக்குக் காரணம் என்று அது நினைத்துக்கொண்டு மெத்தையாக வேறு இடம் தேடும். அடித்தால் வலியோடு பயமும் சேரும். ஆண் பூனை அடிக்கடி தட்டில் போய் முக்கிக் கத்தி, சொட்டுக்கூட வராமல் திரும்பினால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு தட்டைப் பாருங்கள்: இரண்டு பூனைக்கு மூன்று தட்டு இருக்க வேண்டும், தினமும் அள்ள வேண்டும், வாஷிங் மெஷின் உதறும் இடத்தில் வைக்கக் கூடாது. சுவரில் பின்பக்கமாகத் திரும்பி நின்று பீய்ச்சும் ஆண் பூனைக்குக் கருத்தடை செய்வதே வழி.

நிஜமாகவே மனம் சார்ந்த கோளாறுகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கேட்டருகே ஒரு முழச் சங்கிலியில் நாளெல்லாம் கட்டிப்போட்ட நாய் போகிற வருகிற எல்லோரையும் குரைத்துத் தீர்க்கும்; வேறென்ன செய்யும்? மூன்றாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை பல் முளைக்கும் குட்டி செருப்பைக் கடிக்கும், அதற்குக் கடிக்க வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். ஊரடங்குக் காலத்தில் வாங்கிய நாய்கள் பல, வீட்டில் ஆள் இல்லாத ஒரு பகலைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் வேலைக்குத் திரும்பியதும் கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொண்டன. அவற்றை ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனிமைக்குப் பழக்க வேண்டியிருந்தது. தீபாவளிக்கு நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காமல் விடுங்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, கூடவே இருங்கள். ரொம்ப நடுங்கும் நாய்க்குப் பயத்தையே குறைக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. முன்பு கொடுத்த சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் முடக்கிப் பயத்தை அப்படியே விட்டுவைத்தவை. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

உறுமலுக்காக நாயை அடிக்கவே கூடாது. உறுமல் அதன் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால், எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாயை நாமே உருவாக்குகிறோம்.

ரோமத்தை ஒதுக்கிப் பாருங்கள் என்றதற்கு ஒரு விதிவிலக்கையும் சொல்லாமல் விட முடியாது. தடுப்பூசி போடாத நாயோ பூனையோ திடீரென்று அடியோடு மாறினால், அதாவது காரணமின்றிப் பாய்ந்தால், மூலையில் பதுங்கினால், எச்சில் ஒழுக விழுங்க முடியாமல் தவித்தால், வாய்க்குள் எலும்பு சிக்கியிருக்கிறதா என்று கையை விடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் காயத்தில் அப்ப வேண்டாம்.

குடற்புழு பற்றிச் சுருக்கமாக. நாய்க்குட்டிக்குத் தாயின் வயிற்றிலேயும் பாலிலேயும் புழு வந்துவிடுவதால், இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டும். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணில் இருந்து வெறுங்காலின் தோல் வழியாகவும் ஏறும், மனிதக் கால் உட்பட. நாய் மலத்தை அன்றாடம் அள்ளிவிட்டால் இது பெரும்பாலும் தீரும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை கூடாது என்று விரட்டுகிறார்களே, அதற்கும் இதே பதில்தான். டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் வெளியே வந்தாலும், தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாகும். தட்டைத் தினமும், வேறு ஒருவர், அள்ளிவிட்டால் போதும். சரியாக வேகாத கறியும் கழுவாத காய்கறியும் அதைவிடச் சாதாரணமான வழிகள். மருமகள் உண்டான செய்தி வந்த அன்று மாலை, எட்டு வருடம் மடியில் படுத்திருந்த பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்த வீட்டை எனக்குத் தெரியும்.

மருத்துவர் வெகு தூரமில்லை. ஊருக்கு ஊர் அரசுக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. 1903இல் தொடங்கிய கல்லூரி அது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். போகும்போது, நாய் வீட்டில் எப்படிச் சொறிகிறது, எப்படி நடக்கிறது என்று செல்போனில் எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்கள், ஏனென்றால் மருத்துவமனை மேசையில் ஏறியதும் எல்லா நாயும் சிலையாகிவிடும். இதுவரை பூசியது, கொடுத்தது எல்லாவற்றையும், வேப்பெண்ணெய் உட்பட, கூச்சப்படாமல் சொல்லுங்கள். முக்கியமாக, டாக்டரிடம் போகிறோமே என்று அன்று காலை நாயைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அழைத்துப் போகாதீர்கள். தோலில் இருக்கும் செதிலும் பூச்சிக் கழிவும் கழுவிப்போய்விட்டால், அவர் சுரண்டிப் பார்க்க என்ன மிஞ்சும்?